முதலில் மானி, பிறகுதான் கூலர்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வாகன நிறுத்துமிடம் பற்றிய விவாதத்துக்குப் பின் நம் குடியிருப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பல ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தவர். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



தலைவர் பத்து நிமிடம் என்றார். வண்டியைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் என்றால் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். முயன்று பார்க்கிறேன்.

நம் கீழ்த்தளத்தில் புல்லட், கிளாசிக், ஹிமாலயன், பல்சர் என்று பெரிய வண்டிகள் கூடிக்கொண்டே வருகின்றன. தம்பிகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஆயில் கூலரும் வெப்பமானியும் மொத்தமாக வரவழைக்கலாம், விலை குறையும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடமும் யோசனை கேட்டார்கள். என் யோசனை ஒன்றே ஒன்றுதான்: வரிசையை மாற்றுங்கள். மானியை மட்டும் முதலில் வாங்கி மாட்டுங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கூலர் வேண்டும் என்று மானி சொன்னால் வாங்குங்கள். பந்தலூரில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் அது சொல்லாது என்பது என் கணிப்பு.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். டிரையரில் உள்ளே போகும் காற்றுக்கு ஒரு வெப்பமானி, வெளியே வரும் காற்றுக்கு ஒரு வெப்பமானி. அந்த இரண்டையும் பார்க்காமல் அடுப்பில் ஒரு கட்டை விறகைக் கூட்டவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம். கையை வைத்துப் பார்த்து "சூடாத்தான் இருக்கு" என்று சொல்கிறவரை டிரையர் பக்கமே விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் மட்டும் எல்லாருமே கையை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். காற்றில் குளிரும் இன்ஜின் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடத்தான் செய்யும். காலில் அனல் அடிக்கிறது என்பதற்காக உள்ளே ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தமில்லை.

அளக்காமல் பணம் போடுவதற்கு நம் ஊருக்கே ஒரு பழைய கதை உண்டு. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு லண்டனில் கம்பெனிக்கு மேல் கம்பெனி ஆரம்பித்தார்கள். இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். தங்கம் இருந்தது உண்மைதான், செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு இல்லை. சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. சரி, வண்டிக்கு வருகிறேன்.

ஆயில் வழுக்கலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் குளிரும் இன்ஜினில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பிஸ்டன் அடியிலும் வால்வு பக்கத்திலும் காற்று போய்ச் சேராது. அங்கிருக்கும் சூட்டை ஆயில்தான் வாங்கிக் கீழே கொண்டுவருகிறது. சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப்போகும். 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 100 டிகிரியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்த அளவுக்கு நீர்க்கும் என்று தெரிந்துதான் இன்ஜினை வடிவமைக்கிறார்கள். சூடு அதையும் தாண்டிப் போனால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் படலம் மெலிந்து தேய்மானம் தொடங்கும்.

பொதுவாக ஆயில் 90 முதல் 110 டிகிரி வரை இருந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள். 120-ஐத் தாண்டினால் வேகத்தையும் பாரத்தையும் குறையுங்கள். 130-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் ஓரம் கட்டுங்கள், ஒரு டீ சாப்பிடும் நேரம் போதும்.

மேலே உள்ள எண்களை எல்லாரும் கவனிப்பார்கள். நான் இன்று அதிகம் பேச வந்தது கீழே உள்ள எண்களைப் பற்றி. நம்மில் பெரும்பாலோர் வண்டியை எதற்கு எடுக்கிறோம்? காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட, பஜாரில் மீன் வாங்க, சாயந்திரம் பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய்வர. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அதற்கு மேல் குளிர். இப்படிப்பட்ட ஓட்டத்தில் ஆயில் 50, 60 டிகிரிக்கு வருவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம்.

பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்தத் தண்ணீர் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். ஏறாவிட்டால் ஆயிலோடு கலந்து நுரைக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் மோர்க்குழம்பு மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருந்தால் இதுதான் காரணம். சில மெக்கானிக்குகள் அதைப் பார்த்ததும் இன்ஜினைப் பிரிக்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு நாள் நாடுகாணி வரை போய் வாருங்கள், மூடியைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியாக இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள், அங்கே உள்ளே கசிவு இருக்க வாய்ப்புண்டு.

இப்போது சொல்லுங்கள், ஏற்கெனவே சூடேறாத ஆயிலுக்குக் கூலர் மாட்டினால் என்ன ஆகும்? இன்னும் சூடேறாது. காசு கொடுத்து இன்ஜினுக்குச் சளி பிடிக்க வைத்த மாதிரி. இப்படி ஓடும் வண்டிக்கு வேண்டியது வாரம் ஒரு முறை அரை மணி நேர நல்ல ஓட்டம், அப்புறம் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கில் ஆயில் மாற்றுவது. மானி மாட்டியிருந்தால் இது தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

கூலர் தேவைப்படும் இடமும் நம் பக்கம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. நிலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும். சமவெளி வெயிலில் சூடாகி வந்த வண்டி வழிக்கடவு தாண்டியதும் மலையேறத் தொடங்கும். ஏப்ரல், மே மாதம், பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை, முன்னால் லாரி. இரண்டாவது கியரில், மெதுவாக. வேகம் இல்லாததால் காற்று இல்லை, இன்ஜினோ முழுப் பாரத்தில் இருக்கிறது. இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஊட்டி ஏறுவதும் நீளமான ஏற்றம்தான். ஊட்டி 2,240 மீட்டர், கூடலூர் அதில் ஏறக்குறைய பாதி. ஆனால் ஏற ஏறக் காற்று குளிர்வதால் வண்டி ஓரளவு தாங்கும். வாரம் இரண்டு முறை நிலம்பூர் ஏற்றம் ஏறுகிறவர், பாரம் ஏற்றி வியாபாரத்துக்குப் போகிறவர், இவர்களுக்குக் கூலர் பயன்படும்.

"ஹிமாலயனில் கம்பெனியே கூலர் வைத்துத்தானே கொடுத்தது, மலைக்கு வேண்டும் என்றுதானே?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 2016-ல் வந்த 411 சிசி ஹிமாலயனில் ஆயில் கூலர் இருந்தது. 2018-ல் வந்த 650 இரட்டை சிலிண்டர் வண்டிகளிலும் உண்டு. பல்சர் 220-இலும் உண்டு. அவற்றையெல்லாம் வரையும்போதே பம்ப் எவ்வளவு தள்ள வேண்டும், குழாய் எவ்வளவு அகலம், எந்த இடத்திலிருந்து எடுத்து எங்கே விட வேண்டும் என்று சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதே கம்பெனி 2020-ல் மீட்டியோர் 350 கொண்டுவந்தபோது ஆயிலை உள்ளுக்குள்ளேயே சுற்றவைத்துக் குளிர்வித்தது, வெளியே கூலர் வைக்கவில்லை. நம்மிடம் இருக்கும் பழைய புல்லட்டுகளின் குடும்பம் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955 முதல் நம் திருவொற்றியூரில் வளர்ந்தது. இரும்பு பேரல் போட்ட அந்த இன்ஜின் கூலர் இல்லாமலேயே ராணுவத்தோடு எல்லை மலைகளில் ஏறியிருக்கிறது. மெதுவாக ஏறியிருக்கும், அது வேறு விஷயம்.

வண்டி உண்மையிலேயே சூடாகிறது என்று மானி காட்டினாலும், கூலருக்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஆயில் அளவு குறைவா? ஃபின் என்று சொல்கிறோமே, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள், அவற்றின் நடுவே செம்மண் அப்பியிருக்கிறதா? சேரங்கோடு, கொளப்பள்ளி, சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் சாலையில் ஓட்டுகிறவர்கள் மழைக்குப் பின் குனிந்து பாருங்கள், தகடு எது மண் எது என்று தெரியாது. அந்த மண் இன்ஜினுக்குப் போர்த்திய கம்பளி. பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா? கிளட்ச் நழுவுகிறதா? கார் ஆயில் ஊற்றியிருந்தால் கிளட்ச் நழுவும், நம் வண்டியில் கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவற்றைச் சரி செய்தாலே பல வண்டிகளில் சூடு இறங்கிவிடும், செலவும் சொற்பம்.

மானியில் இரண்டு வகை. ஒன்று, ஆயில் ஊற்றும் மூடிக்குப் பதிலாகத் திருகிவிடும் கடிகாரம் மாதிரியானது. கம்பி வேலை எதுவும் இல்லை. நிறுத்திக் குனிந்தால்தான் படிக்க முடியும் என்பது குறை. நம் தேவைக்கு அதுவே போதும் என்பேன். மற்றொன்று, சென்சாரை ஆயில் வடிக்கும் போல்ட்டில் வைத்து, ஹேண்டில்பாரில் எண் காட்டுவது. வாங்கும்போது மரை அளவு உங்கள் வண்டிக்குரியதா என்று பாருங்கள், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதே என்று அழுத்தித் திருகினால் அலுமினியக் கேஸின் மரை போய்விடும். புது வாஷர் போடுங்கள். மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வரும் கம்பியிலிருந்து, சிறிய ஃபியூஸ் வைத்து எடுங்கள். நேராக பேட்டரியில் கொடுத்தால் ஊருக்குப் போய் வருவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். இணைப்புகளைச் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள், நம் மழை டேப்பை மதிக்காது. வடிக்கும் போல்ட்டில் சென்சார் தொங்கினால் எஸ்டேட் சாலைக் கல்லில் இடிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிளக்கின் அடியில் வளையமாக வைக்கும் சென்சாரும் விற்கிறார்கள். அது காட்டுவது சிலிண்டர் தலையின் உலோகச் சூடு. அதில் 150-க்கு மேல் பார்த்துப் பயந்து ஓடிவர வேண்டாம். நான் சொன்ன எண்கள் ஆயிலுக்கு மட்டும்.

மாட்டும் முன் மானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சோதியுங்கள். நம் ஊர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். 100 காட்டவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

இனி கூலர். இதில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். சென்ற ஆண்டு என் தங்கை மகன் சமவெளியில் ஒரு கடையில் கூலர் மாட்டிக்கொண்டு வந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. போட்டிருந்தது பெட்ரோல் டியூப், மேலே திருகு கிளாம்ப். பெட்ரோல் டியூப் சூடான ஆயிலின் அழுத்தத்துக்குச் செய்ததல்ல. மலை வளைவில் டியூப் கழன்று, ஆயில் காற்றில் பின்னால் அடித்து, பின் டயரில் இறங்கியது. வண்டி வழுக்கி விழுந்து அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரி டிரைவர் நிதானமானவர், அதனால் அவன் இன்று நடமாடுகிறான். மூன்று மாதம் கையைத் தொங்கவிட்டபடி இருந்தான். கூலருக்கு முன் அவன் வண்டி சூடானதா என்றால், அதை யாரும் அளக்கவே இல்லை.

ஆகவே மாட்டுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். எஃகுப் பின்னல் போட்ட, ஆயிலுக்கென்றே செய்த ஹோஸ், முனைகள் ஆலையிலேயே அழுத்திப் பொருத்தியவை. ஹோஸ் சைலன்சர் வளைவிலிருந்து தள்ளிப் போக வேண்டும், சூடான குழாயில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், இழுபடக் கூடாது. முன் ஷாக் முழுவதும் அமுங்கும்போது மட்கார்டு கூலரில் இடிக்குமா என்று இருவரை உட்காரவைத்துப் பாருங்கள். புல்லட் அதிர்வுக்கு ரப்பர் புஷ் இல்லாமல் மாட்டினால் சில மாதங்களில் பிடிப்பு விரியும்.

உள்ளே எங்கே இணைக்கிறார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். தலைப்பகுதிக்கு ஆயில் போகும் வழியிலேயே கூலரை நுழைத்தால், குளிர்காலையில் கெட்டியான ஆயில் அந்த மெல்லிய குழாய்களைக் கடந்துதான் மேலே போக வேண்டும், வால்வுப் பக்கம் அதுவரை வறண்டிருக்கும். அதனால் உங்கள் வண்டிக்கென்றே செய்த கிட் வாங்குங்கள், தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள். ஆயில் 80 டிகிரி வாக்கில் வரும்வரை அது கூலர் வழியை மூடி வைத்திருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத கிட் நம் ஊருக்கு ஆகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மழைக்காலத்தில் கூலரின் முகத்தை ஒரு தகடு வைத்து மறையுங்கள்.

கூலரும் ஹோஸும் தங்களுக்கென்று கொஞ்சம் ஆயிலை எடுத்துக்கொள்ளும். மாட்டியதும் ஓடவிட்டு, நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து அளவு பார்த்து ஊற்றுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள், சூடு ஆறிய பிறகு.

யானை நிற்கும் இடத்தைப் பற்றியும் கேட்டார்கள். தேவாலா, நாடுகாணிப் பக்கம் யானை ரோட்டில் நின்று வண்டிகள் வரிசையில் காத்திருந்தால் கூலர் உதவாது, காற்று ஓடினால்தான் அது வேலை செய்யும். பின்வரிசையில் இருப்பவர்கள் இன்ஜினை அணைத்துவிடலாம். முன்வரிசையில் இருப்பவர் ஆயில் சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. கூலர் பதிவுச் சான்றில் வரும் விவரம் இல்லை. ஆனால் வாரண்டி உள்ள வண்டியில் இன்ஜின் கோளாறு வந்தால் கூலரைக் காட்டிக் கைவிரிக்க வாய்ப்புண்டு. வாரண்டி முடியும்வரை பொறுங்கள். காப்பீட்டுக்காரரிடமும் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தக் கூட்டத்தில் இதைப் பேச வந்த காரணம். ஆயில் வேலையைக் கீழ்த்தளச் சரிவுப் பாதையில் யாரும் செய்ய வேண்டாம். அந்தச் சரிவில் காலையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் கைத்தடியோடு இறங்குகிறார்கள். ஒரு சொட்டு ஆயிலும் ஈரமும் சேர்ந்தால் போதும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சமதளத்தில் செய்யுங்கள், கீழே தட்டு வையுங்கள், சிந்தினால் மரத்தூள் போட்டு அள்ளுங்கள். மரத்தூள் சாக்கு ஒன்று காவலர் அறையில் வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய ஆயிலை வடிகாலில் ஊற்ற வேண்டாம், இங்கே ஊற்றுவது ஓடையில் இறங்கிச் சாலியாறு வரை போகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுப்போம்.

ஸ்கூட்டருக்கு மாட்டலாமா என்று அக்கா ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வேண்டாம் அக்கா. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இன்ஜினோடு ஒரு விசிறி சேர்ந்தே சுற்றுகிறது. அந்த விசிறி காற்றை இழுக்கும் வாயில் இலையோ மண்ணோ அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் ஸ்கூட்டர் பள்ளிக்கும் பஜாருக்கும் மட்டும் ஓடுகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை அண்ணனை நம்பாமல் நீங்களே தேவாலா வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

மானி வாங்கியவர்கள் அடுத்த மாத முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொட்டிக்குப் பின்னால் கொண்டுவரலாம். கொதிநீரில் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதித்துவிடுவோம். அடுப்பும் பாத்திரமும் நான் கொண்டுவருகிறேன். பாத்திரம் பழையதுதான், வீட்டில் அனுமதி வாங்கியாயிற்று.